மறுமுனைப் பேச்சு

தாணு ரிசீவரைக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். தினமும் முதலில் அதுதான். பிறகு பவுடர். தென்காசியில் ஒரு லாட்ஜின் மாடியறை. முதுகுக்குப் பின்னால் அருவி வரைந்த திரை. கேமராவில் நிற்கும் மன்சூர் தலையசைத்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வீட்டில் யாரும் பார்த்திராத சிரிப்பு. பார்க்க வீட்டில் ஆளும் இல்லை.

உள்ளூர்க் கேபிளில் 'காலையில் தாணு' ஓடும்போது இட்லி ஆறிப்போகும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். பிறந்தநாள், திருமணநாள், காணாமல்போன ஆடு எல்லாம் போனில் வரும். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். குற்றாலம் மெயினருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் மாரி, தண்ணீர் எப்படி விழுகிறது என்று அங்கிருந்தே சொல்வான். அதைக் கேட்ட பிறகுதான் செங்கோட்டைக்காரர்கள் துண்டை எடுப்பார்கள்.

எதிர்ச் சானல் அருவிக்கே கேமராவைக் கொண்டுபோய்விட்டது. நிகழ்ச்சிக்கு 'சாரல் காலை' என்று பெயர். ஜெயசித்ரா குடைக்குள் நின்று பேசுகிறாள்; பின்னால் நிஜத் தண்ணீர். மாரியின் போன் நின்றது. கடைத்தெருவில் பார்த்தபோது தாணு கேட்டார்.

“கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. ஒங்க டிவியில என் கொரலுதான் வந்துச்சு. அங்கன நானே வாரேம்லா” என்றான் மாரி.

ஜெயசித்ராவைப் பற்றி தாணு யாரிடமும் குறை சொன்னதில்லை. மாலையில் அவளுடைய மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டல் பொட்டலத்தைப் பிரிப்பார்.

போனில் பேசுகிறவர் குரலை வெளியே கேட்கவைக்கும் பெட்டி பழுதாகி நாளாயிற்று. முதலாளி விஜயசங்கர் மாற்றவில்லை. அதனால் மறுமுனையில் கேட்பதை நேயர்களுக்குத் தாணுவே திருப்பிச் சொல்வார். இப்போது அதற்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. “இந்த வாரமும் போன் அடிக்கலைன்னா, திங்கக்கெழமைலருந்து சாமி பாட்டுதான் அண்ணாச்சி. அதுக்குப் பவுடர் செலவுகூடக் கெடையாது” என்று விஜயசங்கர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது. மன்சூர் நிமிர்ந்து பார்த்தான்.

ராயகிரியிலிருந்து பாலம்மாள். மகள் வேல்விழிக்குப் பிறந்தநாள். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் டிவியில் தன் பேரைக் கேட்டுவிட வேண்டும் என்று பிள்ளை யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கிறதாம். பெரியவளானதும் போலீசில் சேரப்போகிறதாம். தாணு ஒவ்வொன்றாக நேயர்களுக்குச் சொன்னார். குரல் தானாகக் கனிந்தது. ரிசீவருக்குள் அந்த வீட்டு டிவியின் சத்தம் கேட்டது. அதில் ஜெயசித்ரா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணாச்சி, நீங்க பேசுதீய, டிவியில அந்தப் பிள்ளைல்லா பேசிக்கிட்டிருக்கா” என்றாள் பாலம்மாள்.

“எல்லாரும் நல்லா இருக்கணும்னு சொல்லுதாங்க” என்றார் தாணு, கேமராவைப் பார்த்து.

பாலம்மாளுக்குப் புரிந்துவிட்டது. “தாணு அண்ணாச்சியா? ஐயோ, முன்னால காலை டிவின்னு பதிஞ்சு வச்ச நம்பரு. ஒங்க சானலு இப்ப எங்க ஊருல வாரதில்லையே.”

அவளுக்குப் பின்னால் ஒரு சிறு குரல், பேர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டது.

கீழே வரவேற்பறை டிவியில் விஜயசங்கர் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஒரு போனை வேன் வரும்வரை இழுத்துவிடலாம். வாழ்த்துவதற்குத் தாணுவிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

சட்டையில் செருகியிருந்த மைக்கை அவர் உள்ளங்கையால் மூடினார். டிவியில் பார்க்கிறவர்களுக்கு, நெஞ்சில் கை வைத்து வாழ்த்துவதுபோல்தான் தெரிந்திருக்கும். எதிர்ச் சானலின் நம்பரை, அவள் எழுதிக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார்.