பொட்டு வைத்த சீஸ்

அது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டின் ஆயுத பூஜை. நான்காம் வகுப்பு என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறார். நான்காம் வகுப்பில் அந்தச் சமயம் எனக்கு அம்மை போட்டிருந்தது. ஊர் தாண்டியிருக்க முடியாது. எத்தனை முறை சொன்னாலும் அம்மா ஒப்புக்கொள்வதில்லை.

சங்ககிரியில் சொந்த லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா, லாரியை விற்றுவிட்டு ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் சீஸ் செய்யப் போனார். நல்ல பாலைக் கெடுத்து விற்கப் போகிறான் என்று உறவெல்லாம் தலையில் அடித்துக்கொண்டது. அத்தை முதல் வருடம் மலையேறவே மறுத்தார். ஊரில் அந்த வருட ஆயுத பூஜையன்று காலி லாரிக் கொட்டகையின் கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு போனார், ஆனால் சீஸ் அறையைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அந்த அறையில் இட்லிக் குண்டான் மூடி அகலத்தில் வட்ட வட்டமான சீஸ்கள் பலகைகளின் மேல் மாதக்கணக்கில் முதிர்ந்துகொண்டிருந்தன. எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் உள்ளே பூ கூடாது, பழம் கூடாது, வெளிக்காற்றும் கூடாது. விடுமுறைக்குப் போன எங்களை மாமா வாங்க என்றுகூடக் கேட்கவில்லை. "கதவச் சாத்து சாமி" என்பதே வரவேற்பு, நலம் விசாரிப்பு எல்லாம்.

பூஜைக்கு மறுநாள் ஒரு ஓட்டல்காரர் ருசி பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் செய்வதையெல்லாம் அவரே எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் மாமா இன்னொருவர் லாரிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான்.

பூஜையன்று மாமா பால் எடுக்கக் கிளம்பியதும், அத்தை தலைக்குக் குளித்து, என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார். பால் காய்ச்சும் அண்டா, கத்தி, கரண்டி, வெப்பமானி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பிறகு அந்த அறைக் கதவைத் திறந்தார். மூக்கைப் பொத்தவில்லை. ஒவ்வொரு சீஸுக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணிப் புகையும் காட்டினார்.

திரும்பி வந்த மாமா பால் கேனோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, புத்தி கித்தி இருக்குதா? நாளைக்கு அந்த மனுசன் வாரானே!"

"ஏனுங்க, லாரிக்கு வெச்சப்பப் பேசாமத்தான இருந்தீங்க?"

"லாரிய எவனாச்சும் கடிச்சுத் திங்கறானா?"

"நமக்குச் சோறு போடறதுக்குத்தானுங்க பொட்டு வெப்பாங்க. இதுக்கு வெக்காம, நான் வேறெதுக்கு வெக்கறது?"

மாமா பால் கேனை இறக்கி வைத்தார். கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை ஒவ்வொரு சீஸின் மேல்தோலையும் முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினார்.

மறுநாள் வந்த ஓட்டல்காரர் வெட்டிப் பார்த்து, மென்று, கண்ணை மூடி, இது என்ன புகை வாசம் என்று கேட்டார். மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. அவரோ புதுவிதமாக இருக்கிறது என்று சொல்லி, இருந்ததையெல்லாம் ஏற்றச் சொன்னார்.

எல்லாம் போன பிறகு, மேல்பலகையின் கோடியில் ஒரு சீஸ் மட்டும் சந்தனமும் குங்குமமும் கலையாமல் இருந்தது.

"மாமா, இதச் சொரண்ட மறந்துட்டீங்களா?"

மாமா அதைப் பார்த்தார். அண்டா கழுவிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார்.

"கதவச் சாத்து சாமி" என்றார்.