லேசர் வரிகளை மறைத்த குங்குமப் பொட்டு

2012 வாக்கில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த தோழி என்னைவிடச் சின்னவள். விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருவாள். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுப்பு வேறு.

குவாண்டம் துகள்களுக்குச் சொல்லும் ‘பின்னல்’ கணக்கைச் சாதாரண லேசர் ஒளிக்கும் போட்டுப் பார்ப்பதுதான் அவள் தலைப்பு. இரண்டு பிளவுகள் வழியாக ஒளியை விட்டால் சுவரில் வரிவரியாக விழும். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் போலராய்டுத் தாளை ஒரு பிளவில் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் ஒட்டினால் வரிகள் காணாமல் போகும். ஒளி வந்த வழியும் அதிரும் திசையும் பின்னிக்கொள்வதுதான் காரணம். சுவருக்கு முன்னால் இன்னொரு போலராய்டைச் சாய்வாக வைத்தால் வரிகள் திரும்ப வரவேண்டும். அந்தச் சாய்வுக்கு அடையாளமாக, அதைப் பொருத்தியிருந்த சுழலும் வளையத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. கருவிகளையெல்லாம் இருவருமாகப் பளபளவென்று துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். லீவு முடிந்து வந்து பார்த்தால் வரிகள் வரவே இல்லை. லேசரை மாற்றினோம், மேசையை நகர்த்தினோம். வாரக்கணக்கில் மல்லுக்கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய வழிகாட்டி பொறுமை இழந்துவிட்டார். ஒருநாள் காலை, விழுப்புரத்தில் அவரைப் பார்த்துப் பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் சாமான்களைப் பெட்டியில் வைக்கலாம் என்று போனேன். கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்த லேசரை அணைக்கும் முன் கை பட்டு வளையம் திரும்பியது. சுவர் முழுக்க வரிகள்! பகீரென்றது. அடையாளம் என்று நம்பி, வளையத்தைத் திருப்பிப் பார்க்காமலே இருந்தோமே, அது குங்குமக் கறை. மைப்புள்ளி துடைத்ததிலேயே போய்விட்டிருக்கிறது.

போன் செய்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தாள். அதற்குள் அவள் இடத்தைக் காத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். இருட்டறையில் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

“எங்கயும் போகலக்கா, இங்கதான் இருந்திருக்குது. நாமதான் இல்ல இல்லன்னு பேஜாராயிக்கினு இருந்தோம்” என்றாள்.

அதன்பின் அவள் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது வகுப்பில் அந்தச் சோதனையைச் செய்து காட்டினால் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். பாழாய்ப்போன இந்தக் கை ஒரே ஒரு நாள் முன்னால் பட்டிருக்கக் கூடாதா என்று என் மனசுதான் ஒவ்வொரு முறையும் அடித்துக்கொள்கிறது.