ஓட்டிப் பார்க்காமல் எழுதிய ஒரு வரி

நான் படிக்கும் கல்லூரியில் மாணவர்கள் மதியம் சாப்பிடும் அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் படம். அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இதே படம், கோடு இல்லாமல், திண்டிவனத்தில் எண்ணெய்க் கடைப் பலகைகளில் இருக்கும். அப்பா அங்கே மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினார். சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையை உதறினால் மல்லாட்டைத் தோலும் தூசியும் கொட்டும். அந்தத் தூசிதான் எங்களுக்குச் சோறு போட்டது. நியூசிலாந்தில் பாமர்ஸ்டன் நார்த் என்னும் இந்த நகரத்தில், அதே மல்லாட்டை அலர்ஜி உள்ள ஓர் ஆளைக் கொல்லக்கூடும் என்பதை என் நாற்பத்தேழாவது வயதில் ஒரு கதவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து மல்லாட்டைச் சட்னி கொண்டுபோகும் நாளில் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சாப்பிட்டபின் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். இரண்டு முறை கழுவியதை நாட்குறிப்பில் எழுதியும் வைக்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் கூடவே வந்தவன். ஊரில் இருபது வருடம் அலுவலகக் கணினியில் வேலை பார்த்த அனுபவத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. ஆகவே கணினித் தகவல் அமைப்புகள் என்னும் டிப்ளமோவில் சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்களுக்கு இருபது வயது. இந்தப் பருவத்தின் பாடவேலை ஒரு நிஜமான தொண்டு அமைப்புக்கு மென்பொருள் செய்து தருவது. தனியாக வாழும் முதியவர்களுக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் அமைப்பு அது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு. அதில் பெயர், முகவரி, அலர்ஜி இருந்தால் அது சிவப்பு எழுத்தில். சமையலறையில் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் யாருக்கு எந்த உணவு என்று எடுத்து வைப்பார்கள். என் கூட்டாளி ஹானா நிரல் எழுதினாள். என் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கிறது என்று சொல்லி, சோதனைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தாள்.

நாற்பது சோதனைகள். வியாழக்கிழமை மாலைக்குள் முப்பத்தொன்பது முடிந்தன. மீதி இருந்தது முப்பத்தொன்றாவது: ஒருவருடைய முகவரியை மாற்றினால், அவருடைய அலர்ஜிக் குறிப்பு புதிய சீட்டிலும் வருகிறதா? முகவரி மாறியவர்களின் பட்டியல் அமைப்பிலிருந்து தாமதமாக வந்தது. ஆய்வகத்தைப் பூட்ட ஐந்து நிமிடம் இருந்தது. மேலும் கீழும் எல்லாக் கட்டங்களிலும் ‘பாஸ்’ என்று இருக்க, நடுவே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதிலும் ‘பாஸ்’ என்று எழுதினேன். எழுதியபோது பொய் சொல்கிறோம் என்ற உணர்வே எனக்கு இல்லை. இன்று நினைத்தால் அதுதான் அதிகமாகப் பயமுறுத்துகிறது.

அந்த உணர்வு ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரத்தில் கல்லூரி படித்தவன் நான். எட்டுக் கணினிகளுக்கு நாற்பது பேர். பாதி நாள் மின்சாரம் இருக்காது. ஆனால் ரெக்கார்டு நோட்டு இருந்தது. எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், கடைசியில் ரிசல்ட். ரிசல்ட்டுக்கு எல்லோருக்கும் ஒரே வரி: நிரல் வெற்றிகரமாக ஓடியது, விடை சரிபார்க்கப்பட்டது. ஒருமுறை, ஓடாத நிரலுக்கு அந்த வரியை எப்படி எழுதுவது என்று ஆய்வகத்தில் கையெழுத்துப் போடும் சாரிடம் கேட்டேன். “ரிசல்ட்டு இல்லாத ரெக்கார்டுல நான் கையெழுத்து போட முடியாதுப்பா. கரண்ட் வந்தா அது தானா ஓடும். நீ எழுதிக்கினு வா” என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “கரண்டே வரலன்னாலும் இவன் ரெக்கார்டு ஓடும் சார்” என்றான். எல்லோரும் சிரித்தோம். மூன்று வருடம் அந்த வரியை எழுதினேன். என் ரெக்கார்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

வியாழன் மாலை பதிவேட்டைப் பெற்றுக்கொண்டவர், அமைப்பின் பொறுப்பாளர் ஜூடி. எல்லாவற்றையும் சோதித்தாயிற்றா என்று கேட்டார். “கம்ப்ளீட்” என்றேன். நான் நினைத்தது பதிவேட்டை; அவர் நினைத்தது வேலையை. என் தோளைத் தட்டி, “ஸ்வீட் ஆஸ்” என்றார். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் மகிழ்ச்சி என்று பொருள். மறுநாளே பயன்படுத்தப் போகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. ஸ்டெல்லாவுக்கு மதிய ஷிப்ட். காலை பதினொன்று பத்துக்கு நான் மல்லாட்டைச் சட்னி அரைத்து, மிக்சி ஜாரை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன். ஹானாவிடமிருந்து செய்தி வந்தது. ‘ஜூடி இன்றைக்கே நம் சீட்டுகளை அச்சடித்துவிட்டார்! நிஜமான சாப்பாடு, நிஜமான மனிதர்கள்!’ கடைசி இரண்டு சொற்களை மறுபடியும் படித்தேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து, ஒரு கற்பனை ஆளைச் சேர்த்து, அலர்ஜியைப் பதிந்து, முகவரியை மாற்றினேன். சீட்டு வந்தது. சிவப்பு எழுத்து இல்லை. இன்னொரு முறை செய்தேன். இல்லை. பட்டியலில் அந்த வாரம் முகவரி மாறியவர் ஒரே ஒருவர். மார்கரெட், வயது எண்பத்தொன்று. மல்லாட்டை, கடுமையான அலர்ஜி. அன்றைய உணவு சாட்டே சிக்கன்.

“சாட்டேன்னா இன்னா ஸ்டெல்லா?”

“மல்லாட்டைய அரைச்சு ஊத்துற குழம்பு. ஏங்க, மூஞ்சி இன்னா இப்படி ஆயிடுச்சு?”

சொன்னேன். சொல்லிக்கொண்டே பதிவேட்டின் நகலை எடுத்து, முப்பத்தொன்றாவது வரியில் ‘பாஸ்’ என்பதை அளவுகோல் வைத்து அடித்து, ‘ஃபெயில்’ என்று எழுதி, நேரத்தையும் குறித்தேன்.

“இப்ப அதுவா முக்கியம்? போனைப் போடுங்க! ஓட்டிப் பாக்காம எதுக்குங்க எழுதினீங்க?”

“காலியா இருந்துச்சு.”

“காலியா இருந்தா எழுதிடுவீங்களா?”

போனை எடுத்தேன். (அந்த அடித்தலோடுதான் திங்கட்கிழமை ஆசிரியரிடம் பதிவேட்டைக் கொடுத்தேன். சோதனைப் பகுதிக்குப் பூஜ்யம் போட்டார். அது சரிதான்.) ஜூடியின் எண்ணில் பதிவுசெய்த குரல் பேசியது. மார்கரெட்டுக்கு நாங்கள் வைத்திருந்தது பழைய வீட்டுப் போன் எண். அது அடிக்கவே இல்லை. ஹானாவிடம் சொன்னேன், அவள் சமையலறைக்கு ஓடினாள். உணவு பதினொன்றரையிலிருந்து வீடு வீடாகப் போகும்; மணி அதைத் தாண்டியிருந்தது. மார்கரெட்டின் புது வீடு காரில் ஒன்பது நிமிடம். ஸ்டெல்லா யூனிஃபார்மோடு கிளம்பினாள். ஆம்புலன்ஸ் எண்ணைப் போனில் எடுத்து என் மடியில் வைத்தாள்.

“ஜல்தியா போ ஸ்டெல்லா.”

“ஜல்தியா போய் யார் மேலயாவது ஏத்தினேன்னா, அதுக்கும் பாஸுன்னு எழுதுவீங்க. சும்மா வாங்க.”

மூன்று சிக்னல்கள். மூன்றிலும் சிவப்பு. இந்த ஊர் எப்போதும் போல் அமைதியாக இருந்தது, ஒருவர் நாயோடு சாலையைக் கடந்தார், நாங்கள் நின்றோம். முகமே தெரியாத ஒரு பெண் முள்கரண்டியை எடுப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் உதடு வீங்கும், பிறகு தொண்டை அடைக்கும் என்று ஸ்டெல்லா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. விழுப்புரத்தில் நான் எழுதிய பொய்கள் யாரையும் தொடவில்லை, கரண்ட் இல்லாததால் அவை நோட்டிலேயே கிடந்தன என்று தோன்றியது. இங்கே கரண்ட் போவதே இல்லை. எழுதியது உடனே ஓடிவிடுகிறது.

மார்கரெட்டின் வீட்டு வாசலில் மூன்று படிகள். மேல் படியின் ஓரத்தில் அந்த உணவுப் பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு நீலக் கட்டத் துணி போர்த்தியிருந்தது. திறந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வைத்ததா, திறக்காமலே வைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் ஓடினாள். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். சங்கிலியை விலக்கிக் கதவு திறந்தது. குள்ளமான ஒரு கிழவி, நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்து நின்றார். உதடு வீங்கவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

“சாப்பாட்டுக்காரர்களா? அதை எடுத்துப் போய்விடுங்கள். மூடியைத் திறக்கும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது” என்றார்.

நான் சோதிக்காமல் சோதித்ததாக எழுதியதையும், அதனால்தான் இந்தப் பெட்டி வந்தது என்பதையும் என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சின்ன வயதிலிருந்தே நான் யார் எழுதியதையும் நம்பிச் சாப்பிட்டதில்லை, டியர். ஆனால் என் பக்கத்து வீட்டு ஆளுக்கும் அலர்ஜி உண்டு, அவருக்கு மூக்கு வேலை செய்யாது. அடுத்த முறை அவராகவும் இருக்கலாம்.” அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு, ஓடி வந்ததற்கு நன்றி என்று சொல்லி, ஒரு கையைச் சட்டத்திலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

நானும் நீட்டப் போனேன். அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் சட்னி காய்ந்திருந்தது. மல்லாட்டை தொட்டால் இரண்டு முறை கழுவுபவன் அன்று ஒரு முறைகூடக் கழுவவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினேன்.

அவர் முகம் சுருங்கியது. “மன்னிக்கவும். உங்கள் மதத்தில் பெண்களுக்குக் கை கொடுக்கக் கூடாதோ?”

“நாங்கள் கிறிஸ்தவர்கள். காலையில் மல்லாட்டை அரைத்தேன். கையில் இருக்கிறது” என்றேன்.

ஒரு கணம் பார்த்தார். பிறகு நீட்டிய கையை மெல்ல இழுத்து, என்னைப் போலவே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் இன்னும் ஒரு படி இறங்கினேன். அவர் வாசலுக்கும் எனக்கும் நடுவே, துணி போர்த்திய அந்தப் பெட்டி இருந்தது. வெயில் பட்டு, அதிலிருந்து அப்பாவின் சட்டை வாசனை வந்துகொண்டிருந்தது.