புகையைப் பையில் சுமந்த காலம்

திருக்கோயிலில் நித்தியப்படி ஒரு வேளை தவறினாலும் பெருமாள் பொறுத்தருள்வார். செல் வளர்ப்புக் கூடத்தில் ஒரு வேளை தவறினால் செல்கள் பொறுப்பதில்லை. மின்வெட்டுக் காலத்தில் என்னோடு சேர்ந்து ஜெனரேட்டர் புகையை விழுங்கிய வாசகர்களுக்கு இந்த அனுபவங்கள் அன்னியமாக இரா.

வடை வாசம்

தண்டலத்துக்கு அருகில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மனிதரின் மூச்சுக்குழாய்ச் செல்களைத் தட்டில் வளர்த்துக் காப்பது என் பணி. அச்செல்களின் மேல் நுண்மயிர்கள் உண்டு. உள்ளே வரும் தூசியை வெளியே தள்ள, அவை ஓயாமல் சாமரம் வீசும்.

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை ஒன்று தன் ஜெனரேட்டரைப் புங்க எண்ணெயில் செய்த பயோடீசலுக்கு மாற்றியது. அதன் புகைக்குழாய் தொழிலாளர் விடுதி ஜன்னலைப் பார்த்து நின்றது. குழாயை உயர்த்திக் கட்டும்படி எங்கள் பேராசிரியை கோமதி கேட்டார். விளக்கேற்றும் எண்ணெயின் புகை என்ன செய்துவிடும் என்றார் தொழிற்சாலை மேலாளர். செல்களுக்குத் தீங்கென்று காட்டினால் உயர்த்துவதாகவும் வாக்களித்தார். உள்ளூர நானும் அவர் கட்சிதான். விடுதியில் இருந்த திருநெல்வேலி இளைஞர் சுடலைமுத்துவை விசாரித்தேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "நாள் பூரா வடை வாசம் வருது ஐயா. இருமலத் தவிர வேற ஒண்ணும் கெடைக்க மாட்டேங்கு!"

ஷேர் ஆட்டோவில் ஒரு பயணி

புகையைப் பெரிய பையில் பிடித்து, சூட்டோடு ஆய்வகம் சேர்க்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் அந்தப் பை இருவர் இடத்தை அடைத்துக்கொண்டது. உள்ளே என்ன என்று ஓட்டுநர் கேட்டார். பொய்யுரைக்க மனமின்றிப் புகை என்றேன். எதிரே ஒரு லாரி எங்கள் முகத்தில் கரியைக் கக்கிச் சென்றது. அவர் அதைக் கைகாட்டினார்: "இன்னா பெரியவரே, ரோடு முழுக்க ஓசியில கீது, நீங்க அதுக்குப் போய் சீட்டு போட்டு ஏத்திகினு வர்றீங்களே!"

என் பக்தி செய்த பிழை

சோதனைக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. செல்கள் இருக்கும் வெப்பப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். அத்தோடு நின்றேனா? பெட்டியின் கதவையும் திறந்துவைத்து, உள்ளே நன்றாகச் சாம்பிராணி காட்டினேன்.

மேலாளர் வந்து பார்த்த நாளில், ஜெனரேட்டர் புகை பட்ட செல்களும் வாடியிருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று தூய காற்று மட்டும் பட வைத்த செல்களும் வாடியிருந்தன. "உங்க சுத்தக் காத்தும்தான் கொல்லுது" என்று சிரித்துவிட்டுப் போனார். கோமதி பெட்டியைத் திறந்து முகர்ந்தார். நான் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னேன். நறும்புகை தீங்கு செய்யாதென்ற மேலாளரின் நம்பிக்கையும் என் நம்பிக்கையும் ஒன்றே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோமதி கடிந்துகொள்ளவில்லை, கேட்டது ஒன்றுதான்: "பூஜை மெஷினுக்குத்தானே சார்? செல்லுக்கும் ஏன் சார் காட்டினீங்க?"

இரண்டாம் தவணை

மறுநாளே இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்று மேலாளரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டு, இன்னொரு வாய்ப்பு வேண்டினேன். "தப்ப ஒத்துக்க இவ்ளோ தூரம் வந்தீங்களா? சரி, இன்னொரு வாட்டி பாத்துடலாம்" என்றார்.

புதுச் செல்கள் வளர வாரங்கள் ஆயின. அதுவரை அக்கூடத்தில் ஓர் ஊதுவத்தியும் நுழையாமல் காத்தேன். இம்முறை மேலாளரே நுண்ணோக்கியில் கண் வைத்தார். தூய காற்றுத் தட்டில் சாமரம் துள்ளி வீசிற்று. புங்கப் புகைத் தட்டில் நுண்மயிர்கள் சளியில் ஒட்டிக் கிடந்தன. மாறி மாறி மும்முறை பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, எங்கள் எதிரிலேயே தம் ஆட்களிடம் பேசினார்: "குழாய மொட்ட மாடிக்கு மேல தூக்குங்க. ஃபில்டரும் போடுங்க. நாளைக்கே!"

விடுதியிலிருந்து வந்த செய்தி

அடுத்த மாதம் சுடலைமுத்துவைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டேன். நெஞ்சு எப்படி இருக்கிறது என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. "நைட் ஷிப்ட் முடிஞ்சு ஜன்னலத் தொறந்து போட்டு ஒறங்குதேன் ஐயா. இருமல் சத்தம் நின்னுட்டு. இப்பப் பக்கத்துக் கட்டில்காரன் கொறட்டதான் கேக்கு!"

கட்டிலில் கிடந்தவர்களின் இருமலைத் தீர்ப்பதற்காகத் தட்டில் கிடந்த செல்களை வாட்டியதே என் உத்தியோகம்; அகங்காரம் பாவமென்று நாள்தோறும் பாராயணம் செய்தும், இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சற்றே அகங்காரம் உண்டு.