மைக் அக்காவின் பல்செட்டு

எந்த வண்டி எப்போது கிளம்பும் என்பதை மைக் அக்கா ஒலிபெருக்கியில் சொன்னால்தான் அந்தப் பேருந்து நிலையத்தில் ஜனங்கள் நம்புவார்கள். ஓட்டுநர் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டாலும், "இருப்பா, அந்தம்மா இன்னும் சொல்லலையே" என்று படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்து நிற்பார்கள். அப்படி ஒரு குரல். உச்சரிப்பில் பொல்லாத கறார் வேறு. யாராவது ழகரத்தை லகரமாக்கினால் அவளுக்குப் பல் கூசும்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின. நல்லதாக ஒரு பல்செட்டு செய்து போட்டுக்கொண்டாள். அதன் பிறகும் அவள் "வாழைக்காய் என்ன விலை?" என்று கேட்டால் காய்கறிக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றுதான் பதில் சொல்வார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நாள் பூரா பேசிட்டு வர்றேன். வீட்ல இன்னொரு ஆள் பேசறதைக் கேக்க என்னால ஆகாது" என்பாள். சொந்த உழைப்பில் கட்டிய சின்ன வீடு. அதில் தனியாக, நிம்மதியாக இருந்தாள், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபடும் வரை.

தம்பி மகன் மனைவியோடு வந்து இறங்கினான். "நாங்க இருக்கோம்ல அத்தை. நீங்க கையைக் காலை அசைக்கவே வேணாம்" என்றான். சொன்ன சொல் தவறவில்லை. அசையவே விடவில்லை.

முதலில் அவளுடைய செல்போன் போனது. கண்ணுக்குக் கெடுதலாம். அடுத்து வாசல் பக்கத்து அறை போனது. காற்று அதிகமாம், சளி பிடிக்குமாம். பின்பக்கத்துச் சிறிய அறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அவளுடைய கட்டில் வந்து சேர்ந்தது. மெஷின் துணி பிழியத் தொடங்கினால் கட்டிலும் சேர்ந்து குதிக்கும். சுவரோரமாகக் கண்ணயர்ந்தவள், துணி துவைத்து முடிக்கும்போது கதவருகே கண்விழிப்பாள்.

ஒருநாள் ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டாள். அன்று மாலையே தம்பி மகனின் மனைவி, "பல்லைக் கொடுங்க அத்தை, கழுவி வெக்கிறேன்" என்று வாங்கிப் போய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "ஊறுது அத்தை." வாரக்கணக்கில் ஊற அது என்ன பல்லா, பருப்பா?

கதவைப் பூட்ட அவசியமே இருக்கவில்லை. பல் இல்லாமல் மைக் அக்கா வாயைத் திறக்க மாட்டாள். தனியாக இருந்தபோது ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்: 'சந்தை வழியாகச் செல்லும் பேருந்து.' காதில் விழுந்தது 'ஷந்தை வயியாகஷ் ஷெல்லும் பேயுந்து.' அத்தோடு உதட்டை இறுக்கிக்கொண்டவள்தான்.

"வீட்டை என் பேருக்கு மாத்திட்டீங்கன்னா உங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை" என்று தம்பி மகன் ஆரம்பித்தான். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று. மறுபடி கேட்டான். மறுபடி ஆட்டினாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்து உலுக்கிக் கட்டிலில் தள்ளிவிட்டான். மறுநாள் ஒன்றும் நடக்காதவன்போல ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தான். அதை உரித்துச் சுளையைச் சப்பிக்கொண்டே அக்கா அழுதாள். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வெளியே சொன்னால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது?

தெருவில் கேட்டவர்களிடம், "அத்தை பேச்சையே விட்டுட்டாங்க. யாரையும் பாக்க விரும்பலை" என்று சொல்லி வைத்தான். தெரு அதற்குக் கண், காது, மூக்கு வைத்தது. காலமெல்லாம் பேசி ஓய்ந்தவளுக்கு ஞானம் வந்துவிட்டதாம். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வந்து கைகட்டி நிற்க ஆரம்பித்தார்கள். சலவைக்கடைக்காரர், மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். அக்கா எரிச்சலில், போய்த் தொலை என்று கையை வீசினாள். "ஆசீர்வாதம் பண்ணிட்டாங்க!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பையனுக்கு வேலையும் கிடைத்துத் தொலைத்தது. கூட்டம் இன்னும் கூடியது.

தையல்காரி மட்டும் நம்பவில்லை. "அந்தக்காவுக்கு ஞானம் வந்தா அதையும் மைக் வெச்சுல்ல சொல்லுவாங்க" என்றாள். கழுத்தில் அளவு நாடாவை மாட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"அக்கா ரவிக்கைத் துணி என்கிட்ட கிடக்கு. அளவு எடுக்கணும்."

"பழைய அளவே போதும்" என்றாள் தம்பி மகனின் மனைவி.

"இளைச்சிருப்பாங்களேம்மா. தொளதொளன்னு தெச்சா கெட்டுப் போறது என் பேருல்ல? ஐயோ, உள்ள பால் பொங்குற வாசனை வருதே!"

அவள் அடுப்பைப் பார்க்க ஓட, இவள் பின்னறைக்குள் நுழைந்துவிட்டாள். அக்காவின் கையைத் தூக்கி அளவு எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். முழங்கைக்கு மேல் விரல் விரலாகக் கன்னிப்போயிருந்தது.

"அக்கா, யாரு செஞ்சது இது?"

அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"என்கிட்டகூடவா?"

"பல்லைப் பியுங்கி வெஷ்ஷிக்கித்தாங்கடி!"

"பள்ளியா? எந்தப் பள்ளி?"

"பல்லு! பல்லு!" என்று அக்கா வாயை அகலத் திறந்து காட்டினாள்.

தையல்காரி அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று இருவருக்குமே தெரியவில்லை. அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். புரியாத இடத்தில் தையல்காரி "என்னது?" என்று கேட்டாள். அக்கா கூச்சமில்லாமல் திருப்பிச் சொன்னாள்.

"முதியோருக்குன்னு உதவி எண் ஒண்ணு இருக்குக்கா. நான் கூப்பிடட்டுமா?"

"குயும்ப மானம்..."

"அது உங்க கையில கன்னிப்போய்க் கிடக்கு. ஆனா உங்க வீடு, உங்க வாழ்க்கை. நீங்க சொன்னாத்தான் கூப்பிடுவேன்."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒருவர் கைகட்டி நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"கூப்பியு" என்றாள்.

மறுநாள் முதியோர் நல அலுவலரான ஒரு ஒல்லி அம்மாள் குடையோடு வந்தார். கூடவே ஒரு பெண் போலீஸ். தம்பி மகன் வாசலிலேயே மறித்தான். "அத்தை பேச மாட்டாங்க மேடம். நினைவும் சரியில்லை. எதுவா இருந்தாலும் நான் சொல்றேன்."

"நீங்க வெளிய இருங்க. அவங்ககிட்ட தனியா பேசணும்" என்று அலுவலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

தம்பி மகனின் மனைவி லேசுப்பட்டவள் இல்லை. மெஷினுக்கான சுவிட்ச் வெளியே இருந்தது. தட்டிவிட்டாள். உள்ளே மெஷின் கடகடவென்று குதிக்கத் தொடங்கியது. அக்கா பேசுவது அலுவலருக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்கம்மா!" என்று அவர் கத்த, அக்கா அதற்கு மேல் கத்தினாள். அந்த நேரம் பார்த்து பெண் போலீஸ் சுவிட்சை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் அக்காவின் குரல் தெரு முழுக்கப் போனது:

"என்னை அயிஷ்ஷான்! பல்லைப் பூத்தி வெஷ்ஷான்!"

ஜன்னலுக்கு வெளியே இருந்த கூட்டம் திகைத்தது. "என்ன சொன்னாங்க?" என்றார் ஒருவர். "அடிச்சான்னு சொல்றாங்க" என்றார் சலவைக்கடைக்காரர். கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இத்தனை நாள் இந்த ஜன்னலில் நின்றும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று அவர் முகம் சுண்டிவிட்டது.

"பல்லு எங்க?" என்று கேட்டார் பெண் போலீஸ்.

"ஊறிட்டிருக்கு..."

"ஊறினது போதும், எடுங்க."

பீரோவிலிருந்து கைக்குட்டையில் சுற்றியபடி பல்செட்டு எலும்பாகக் காய்ந்து வந்தது. போட்டுப் பார்த்தாள் அக்கா. ஈறு வற்றிப்போயிருந்ததால் பேச்சுக்கு முன்னால் ஒரு கிளிக், பின்னால் ஒரு கிளிக்.

மருத்துவர் காயத்தைப் பார்த்துப் பதிவு செய்தார். வழக்கை எப்படிக் கொண்டுபோவது என்பதை அவசரமில்லாமல் யோசித்துச் சொல்லும்படி அலுவலர் அக்காவிடமே விட்டார். முதலில் அவர்கள் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றாள் அக்கா. போனார்கள். வாஷிங் மெஷின் அக்காவுடையது என்று தெரியாதவர்கள்போல அதையும் தூக்கப் பார்த்தார்கள். தெருவே சேர்ந்து இறக்கி வைத்தது.

இப்போது காலையில் ஒரு உதவிப்பெண் வருகிறாள். அலுவலர் நச்சரித்ததால் அக்கா முதியோர் மையத்துக்கும் போகிறாள். "கிழங்கட்டைங்க கூட்டத்துல எனக்கு என்ன வேலை?" என்றுதான் முதல் நாள் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் மலைபோல ஒரு மனிதர், பழைய மல்யுத்தக்காரர். மகள் அவருடைய மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைத்துவிடுவாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்கு மட்டும்தான் இப்படி என்றல்லவா நினைத்திருந்தாள்.

போன வாரம் தம்பி போனில் கூப்பிட்டான். "பையன் ரொம்ப வருத்தப்படறான்க்கா. ஒரு தடவை வந்து பாக்கட்டுமா?"

"வரட்டும். தையல்காரி இருக்கறப்ப வரட்டும். வாசல்லயே உக்காந்து பேசட்டும்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள்.

அவன் இன்னும் வரவில்லை. அவனுக்காக வாசலில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். அதில் பெரும்பாலும் மல்யுத்தக்காரர்தான் உட்கார்ந்து, தன் மூட்டுவலியைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இன்னொரு ஆள் பேசினாலே ஆகாத அக்கா, தனக்கே ஆச்சரியமாக, கேட்டுக்கொண்டிருக்கிறாள்.