கில்பர்ட் விரா மிதக்கும் கப்பலில் ஏறிய கதை

கில்பர்ட் விரா படகில் ஏற மாட்டார் என்பது லுகன்வில் ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். தோணியிலும் ஏற மாட்டார். மணலில் கவிழ்த்துப் போட்ட தோணியின் முதுகில் உட்காரச் சொன்னால்கூட ஒரு தடவை யோசிப்பார். ஆனால் பிழைப்பு என்னவோ கப்பலில்தான். யுத்த காலத்தில் கண்ணிவெடியில் மோதி, லுகன்வில் இருக்கிற சாந்தோ தீவின் கரையோரம் முழுகிப்போன பெரிய பயணிக் கப்பல் ஒன்று இருக்கிறது. அதற்குள் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது இருபத்தாறு வருஷமாக அவருடைய வேலை.

அதற்குப் படகே தேவையில்லை என்பதுதான் அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் இருபது மீட்டர் ஆழத்தில் கப்பலின் மூக்கு தட்டுப்படும்.

"மிதக்கிறது எந்த நிமிஷமும் முழுகலாம்," என்பார், கேட்கிறவர்களிடம். "முழுகினது இனிமே எங்கே போய் முழுகும்? எது பத்திரம், நீங்களே சொல்லுங்க."

கல்யாணத்திலேயே இதனால் ரகளை. அவர் மனைவி லெவினா எதிரே இருக்கிற மாலோ தீவுப் பெண். மாப்பிள்ளை வீட்டார் பன்றியும் பாயும் கிழங்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் பெண்ணை அழைத்து வர வேண்டும். பன்றிகள் படகேறிப் போயின. பாய்கள் போயின. கிழங்கு மூட்டைகள் போயின. மாப்பிள்ளை மட்டும் கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பெண்ணே படகேறி வந்து சேர்ந்தாள். "பன்னிங்களுக்கு இருக்கிற தைரியம் மச்சானுக்கு இல்லையே" என்று லெவினாவின் தம்பி ஓபெட் அன்றைக்கு ஆரம்பித்தான். இன்றைக்கு அவன் டாக்சி ஓட்டுகிறான், தலை நரைத்துவிட்டது, வசனம் மட்டும் மாறவில்லை.

முழுகிய கப்பல் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. அதனால் அதற்குள் எல்லாமே குறுக்கே இருக்கும். நடைபாதை கிணறு மாதிரி கீழே இறங்கும். கதவு காலடியில் இருக்கும். முடிவெட்டும் நாற்காலி சுவரிலிருந்து முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கழிப்பறைக் கோப்பைகள் வரிசையாகப் பக்கவாட்டில் தொங்கும். கில்பர்ட்டுக்கு அதுதான் கப்பலின் லட்சணம். கண்ணைக் கட்டிவிட்டாலும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எஞ்சின் அறைக்கு வழி சொல்லுவார்.

போன ஜூலையில் துறைமுகத்துக்கு ஓர் உல்லாசக் கப்பல் வந்தது. ஸ்டிபே என்று அதன் எஞ்சினியர், குரோவேஷியாக்காரர். காலையில் கில்பர்ட்டோடு முழுகிய கப்பலின் எஞ்சின் அறைவரை போய்விட்டு வந்தவர், கரையேறியதும் கில்பர்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு அழகா ஒரு கப்பலைக் காட்டினீங்க. பதிலுக்கு எங்க கப்பலை நான் காட்டணும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டு."

"எனக்கு வயித்து வலி," என்றார் கில்பர்ட்.

"எப்பலேருந்து?"

"இப்பதான்."

பக்கத்தில் நின்ற லெவினாவின் காதில் சாப்பாடு என்ற வார்த்தை விழுந்துவிட்டது. "இறால் இருக்குமா?" என்று ஸ்டிபேயிடம் கேட்டாள். நாலு வகை இருக்கும் என்றார் அவர். லெவினா புருஷன் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்குத்தான் வரலை. சாப்பிடவாவது வாங்க. துறையில கயிறு போட்டுக் கட்டியிருக்கு, எங்கேயும் ஓடிடாது. இல்லேன்னா நான் மட்டும் போறேன். ஊர் என்ன சொல்லும்னு அப்புறம் ஓபெட்டு வந்து சொல்லுவான்."

ஓபெட்டின் பெயர் வேலை செய்தது. கோயிலுக்குப் போடும் பூச்சட்டையை மாட்டிக்கொண்டு கில்பர்ட் கிளம்பினார். ஏணிப்பாலத்தில் கால் வைக்குமுன் கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மொத்தம் எட்டு. ஒன்பதாவது போட முடியுமா என்று காவல்காரனைக் கேட்டார். அவன் சிரித்ததால் வேறு வழியில்லாமல் ஏறினார்.

உள்ளே நுழைந்ததும் அவருக்குத் தலை சுற்றியது. எல்லாம் நேராக இருந்தது. தரை கீழே, கூரை மேலே, கதவுகள் சுவரில். அவருக்கு எதுவுமே பிடிபடவில்லை. கழுத்தை இடது தோள்மேல் சாய்த்துப் பார்த்தார். உடனே எல்லாம் தெளிந்துவிட்டது. "அட, இது முதல் வகுப்பு நடைபாதை!" என்றார். அப்புறம் கழுத்தை நிமிர்த்தவே இல்லை. கதவு வந்தால் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இல்லாத உருளை இடித்துவிடாமல் முதுகை வளைத்து, ஒருக்களித்து நுழைந்தார்.

"கழுத்து சுளுக்கிடுச்சா?" என்று கேட்டார் ஸ்டிபே.

"இல்லை. உங்க கப்பலுக்குத்தான் சுளுக்கு," என்றார் கில்பர்ட்.

சாப்பாட்டுக் கூடத்தில் லெவினா இறாலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. ஸ்டிபேயை யாரோ அவசரமாக எஞ்சின் அறைக்குக் கூப்பிட, "ரெண்டே நிமிஷம்" என்று அவரும் போய்விட்டார். பரிமாறுகிற பையன் கில்பர்ட்டைப் பார்த்து, சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அங்கேதான் வினை பிடித்தது. கடலடியில் கட்டை விரலை உயர்த்தினால் 'உடனே மேலே போ' என்று அர்த்தம். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, போக வேண்டியதுதான். இருபத்தாறு வருஷப் பழக்கம், போதாததற்குப் பயம் வேறு. கில்பர்ட்டின் கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து மாடிப்படி ஏறின. அடுத்த தளத்தில் துடைப்பத்தோடு நின்ற பெண்ணும் சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினாள். இன்னொரு மாடி. அங்கே பாட்டுக்காரர் ஒருவர் இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்தினார். கில்பர்ட் இரண்டு மாடி ஓடினார்.

மூச்சிரைக்க உச்சித் தளத்துக்கு வந்து பார்த்தால், நடுவில் நீச்சல் குளம்.

முழுகிய கப்பலிலும் ஒரு குளம் உண்டு. கடலுக்குள் கிடக்கிற கப்பலுக்குக் குளம் எதற்கு என்று இத்தனை வருஷமாக அவருக்குப் புரிந்ததில்லை. இப்போது புரிந்தது. பயந்துபோன மனுஷன் போய் உட்கார ஒரு இடம் வேண்டாமா? பூச்சட்டையோடு படியில் இறங்கி, அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு முதல்முறையாக நெஞ்சு அடங்கியது. மூச்சடக்கி இரண்டரை நிமிஷம் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மேலே இருந்தவர்களுக்கு அது தெரியாதே. முப்பது விநாடியில் ஓர் அம்மா வீறிட்டாள். ஐம்பதாவது விநாடியில் காவலுக்கு இருந்தவன் குதித்து அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். கில்பர்ட் பதறாமல் விரல்களால் வட்டம் போட்டு 'நல்லாத்தான் இருக்கேன்' என்று காட்டினார். அவன் விடவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் கட்டிப் புரண்டார்கள். மேலே வந்தபோது பூச்சட்டையின் பித்தான் மூன்று போயிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. வெள்ளைச் சீருடையில் கேப்டனே வந்துவிட்டார். ஹால்வோர் என்று பெயர், நார்வேக்காரர், பனைமர உயரம். பின்னாலேயே ஓடிவந்த ஸ்டிபே, இவர் யார், எப்பேர்ப்பட்டவர் என்று எடுத்துச் சொன்னார். கேப்டன் கோபத்தை விழுங்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"சரி, கப்பல் விஷயம் தெரிஞ்சவர் நீங்க. எங்க கப்பல் எப்படி?"

கில்பர்ட்டுக்குப் பொய் சொல்ல வராது. தலையைச் சாய்த்துச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"நல்ல கப்பல். முழுகினா இன்னும் நல்லா இருக்கும்."

அவர் உற்சாகமாகிவிட்டார். "அந்தப் பெரிய மாடிப்படி இருக்கு பாருங்க, அதுல சிங்க மீன் வந்து தங்கும். கண்ணாடி விளக்குக் கூடத்துல பத்து வருஷத்துல பவளம் பூத்துடும். எங்கேருந்தெல்லாமோ ஆள் வரும். ஒண்ணு மட்டும் கவனிங்க கேப்டன், வலது பக்கமாச் சாயணும். இடது பக்கம் ஜன்னல் ஜாஸ்தி, உள்ளே மண் புகுந்துடும்."

கேட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் மெதுவாக நழுவிப்போய் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி. அவளைப் பார்த்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேர். கால் மணி நேரத்தில் உச்சித் தளமே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. 'கப்பலுக்கு ஒன்றும் இல்லை' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதுவரை விஷயமே தெரியாமல் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து ஓடிவந்தார்கள்.

கேப்டன் ஹால்வோர் கில்பர்ட்டின் தோளைப் பிடித்து ஒரு சின்ன அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அடி விழப்போகிறது என்றுதான் கில்பர்ட் நினைத்தார்.

"நீங்க அவ்வளவு நேரம் அடியில உட்கார்ந்திருந்தீங்களே, பயமா இல்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் கேப்டன்.

"அங்கே என்ன பயம்? மேலேதான் பயம்."

கேப்டன் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. முப்பத்தொரு வருஷமா கப்பல்ல இருக்கேன். சின்ன வயசுல ஏதோ பரீட்சைக்காகத் தத்தளிச்சுக் கரையேறினதோட சரி. எனக்கு நீச்சல் தெரியாது."

கில்பர்ட் இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நல்லது. அடுத்த தடவை வரும்போது எங்க கரைக்கு வாங்க. இடுப்பளவு தண்ணிதான். யாரும் பார்க்க மாட்டாங்க."

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று லுகன்வில்லில் ஒருவர் சொன்னால் நம்பக் கூடாது. ஆகஸ்டில் கப்பல் வந்தபோது, முழங்கால்வரை சுருட்டிய வெள்ளைக் கால்சட்டையோடு கேப்டன் கரைக்கு வந்தார். மரத்தடியில் ஏற்கெனவே ஆறு டாக்சிக்காரர்கள் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஓபெட்.

அன்றைக்குக் கேப்டன் முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தார். செப்டம்பரில் காலைத் தூக்கினார், உடனே கில்பர்ட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பனைமரத்தைச் சுமந்துகொண்டு கில்பர்ட் கரையேறியதைப் பார்த்த லெவினா, "என்னைக்கூட இப்படித் தூக்கினதில்லையே!" என்றாள். அக்டோபரில்தான் அது நடந்தது. மல்லாக்கப் படுத்த கேப்டனின் முதுகுக்கடியிலிருந்து கில்பர்ட் சத்தமில்லாமல் கையை எடுத்தார். டாக்சிக்காரர்கள் வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார்கள். ஒன்று, இரண்டு என்று போய், பதினொன்று வரை கேப்டன் ஹால்வோர் மிதந்தார்.

ஓபெட்தான் முதலில் எழுந்து கை தட்டினான். கேப்டன் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று தண்ணீரைவிட்டு ஏறவே மறுத்துவிட்டார். துறைமுகத்தில் அவருடைய கப்பல் ஊதிப் பார்த்தது. மறுபடி ஊதியது. அன்றைக்கு அது நாற்பது நிமிஷம் தாமதமாகத்தான் கிளம்பியது. காரணம் என்னவென்று பயணிகளுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.