பெங்களூர் வரிசையில் வெங்கடாசலம்

காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெங்கடாசலம் முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு, மாட்டுக் கொட்டகையின் மூலையில் போய் நிற்பார். அவர் வீட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். சட்டை போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பணம் கேட்கப் போகிற இடத்தில் வெற்று உடம்போடு நிற்பதில் அவருக்குச் சம்மதமில்லை. அந்த இடம் செல்போனுக்குள் இருந்தாலும் சரி.

ஆறு அடித்ததும் ஆப்பைத் திறப்பார். பச்சைப் பட்டனை அழுத்துவார். இங்கிலீஷில் நாலு வரி வரும், அடியில் ஓகே என்று இருக்கும். அதையும் அழுத்துவார். ஒரு நம்பர் வரும். அதைக் கிழித்த காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்கொண்டு வீட்டுக்குள் வருவார்.

"இன்னிக்கி எவ்ளோ?" என்பாள் ஜெயம்மாள், அடுப்படியிலிருந்து.

"ரெண்டாயிரத்து முந்நூத்தி நாலு."

"நேத்து?"

"ரெண்டாயிரத்து இருநூத்தித் தொண்ணூறு."

"அப்ப முன்னால போய்க்கினு இருக்கறியா, பின்னால போய்க்கினு இருக்கறியா?"

"சீசன் டைமு. வரத்து அதிகம்."

வரத்து என்பது மார்க்கெட் கமிட்டி வார்த்தை. வெங்கடாசலத்துக்கு உலகத்தில் தெரிந்த பெரிய ஆபீஸ் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிதான். 1993-ல் அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், பதினொரு மூட்டை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் தடவையாகத் தனியாக அங்கே போனார். வயது இருபத்தாறு. அன்றைக்குச் சாயங்காலம் கேட்ட விலை பிடிக்கவில்லை. ராத்திரி மூட்டை மேலேயே படுத்து, காலையில் நேற்றைய சீட்டை நீட்டினார். "நேத்து சீட்ட வெச்சிக்கினு இன்னிக்கி இன்னாய்யா பண்ற? போய்ப் புதுச் சீட்டு வாங்கியா," என்று எடைக்காரர் அதைக் கிழித்துப் போட்டார். அதற்குள் முன்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

அங்கே ஒவ்வொரு நாளும் புது நாள். விலை படியாத மூட்டைக்கு மறுநாள் விடிகாலையில் புதுச் சீட்டு வாங்க வேண்டும். முதலில் வாங்குகிறவன் மூட்டையை வியாபாரி நிதானமாகப் பார்ப்பான். கடைசியில் வாங்குகிறவன் மூட்டையைக் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்ப்பான். அந்தப் பாடத்துக்குப் பிறகு இருபத்தைந்து வருஷமாக வெங்கடாசலத்தின் சீட்டு நம்பர் பத்தைத் தாண்டியதில்லை. கமிட்டியில் அவருக்கு இதனாலேயே ஒரு மரியாதை உண்டு.

அவர் பணம் பெங்களூருக்குப் போன கதை சின்னது. செஞ்சி ரோட்டை அகலப்படுத்தியபோது அவருடைய நிலத்தில் ஒரு துண்டு போனது. நஷ்டஈடு வந்தது. ஜெயம்மாளின் தம்பி பிரேம்குமார் விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலை செய்கிறவன். 2018 பொங்கலுக்கு வந்தவன், பாங்கில் தூங்குகிற பணத்தைப் பார்த்து வருத்தப்பட்டான்.

"மாமா, இது சீட்டுக் கம்பெனி இல்ல. நடுவுல பெங்களூர் ஆப் ஒண்ணு மட்டும்தான். கடன் வேணும்னு கேக்கறவனுக்கு நீங்களே நேரா குடுக்கறீங்க. ஒருத்தனுக்கு ஐநூறுதான். முந்நூத்திச் சொச்சம் பேருக்குப் பிரிச்சிப் போயிடும். ஒருத்தன் ஓடிட்டா ஐநூறோட போச்சி."

"ஓடறவன எங்க போய்ப் பிடிக்கறது?"

"அத ஆப் பாத்துக்கும் மாமா."

வெங்கடாசலம் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டார். ஆப்பில் கடன்காரர்களின் பட்டியல் தெரிந்தது. பெயரின் முதல் எழுத்து, ஊர், வயது. நாக்பூர், இந்தூர், சூரத். ஒரே ஒரு ஆள் விழுப்புரம்: முப்பத்தொரு வயது, தனியார் வேலை. அதற்குப் பிறகு விழுப்புரம் போகிறபோதெல்லாம், பஸ் ஸ்டாண்டில் முப்பது வயது மதிக்கத்தக்க ஆண்களை அவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஒருத்தன் "இன்னா சார் வேணும்?" என்று கேட்டதும் அந்தப் பழக்கத்தை விட்டார்.

வட்டி மாசா மாசம் ஏறியது. ஏறியது தானாகவே புது ஆட்களுக்குக் கடனாகவும் போனது. குறை ஒன்றும் இல்லை. கிணறு விலைக்கு வரும் வரை.

அந்தக் கிணறு நாலு சென்ட் நிலத்தில் இருந்தது. பாதி வெங்கடாசலத்துக்கு, பாதி அவர் சித்தப்பா மகன் சுகுமாருக்கு. மோட்டார் ஒரு நாள் இவர் முறை, ஒரு நாள் அவன் முறை. சுகுமார் நிலத்தை விற்றுவிட்டுத் திண்டிவனம் டவுனுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கிணற்றுப் பாதி மட்டும் மிச்சமிருந்தது. அதை இப்போது பிளாட் போடுகிற சீனுவாசன் கேட்டார். பிளாட்டுக்கு இல்லை, லாரியில் தண்ணீர் அடிக்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வந்து உறிஞ்சினால், மாசிக்குள் கிணற்றில் தவளைக்குக்கூட ஈரம் இருக்காது. வெங்கடாசலத்தின் இரண்டு ஏக்கர் அந்தக் கிணற்றை நம்பித்தான் இருக்கிறது.

பங்காளி என்பதால் சுகுமார் முதலில் இவரிடம்தான் வந்தான். விலை இரண்டு லட்சம். ஐப்பசி மூன்றாம் தேதி முப்பதாயிரம் முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டார்கள். மீதியை டிசம்பர் பதிமூன்றுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் சுகுமார் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அடுத்த நாளே வெங்கடாசலம் பிரேம்குமாருக்குப் போன் போட்டார்.

"எடுக்கலாம் மாமா. பச்சைப் பட்டன் இருக்கில்ல, அத அமுக்கினா டோக்கன் வரும். உங்க இடத்துக்குப் புதுசா பணம் போடறவன் வந்ததும் உங்களுக்கு வந்துடும்."

டோக்கன் என்றதும் வெங்கடாசலத்துக்குத் தெம்பு வந்தது. அவருக்குத் தெரிந்த வேலை. அக்டோபர் இருபத்திரண்டு காலை ஆறு மணிக்கு முதல் டோக்கன் வாங்கினார்: இரண்டாயிரத்து நூற்று நாற்பது. மறுநாள் ஆறுக்குப் புது டோக்கன். அதற்கு மறுநாளும். தீபாவளி அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு டோக்கன். புயல் மழை பெய்த நாளில் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு டோக்கன்.

நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி ஜெயம்மாளுக்குப் பொறுமை போயிற்று.

"அங்க மனுசங்க யாருனா இருக்காங்களா, இல்ல வெறும் நம்பர்தானா? போன் போட்டுக் கேளேன்."

பிரேம்குமார் நம்பர் கொடுத்தான். நாற்பது நிமிஷம் பாட்டு ஓடியது. பிறகு துர்கா என்று ஒரு பெண் பேசினாள். நல்ல தமிழ்ப் பெண். விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள்.

"சார், உங்க பேர்ல முப்பத்தெட்டு கேன்சல் இருக்கு."

"நான் எதையும் கேன்சல் பண்ணலியேம்மா."

"தினம் புதுசா ரிக்வெஸ்ட் போடறீங்களே சார். புதுசு போட்டா பழசு போயிடும். கடைசியில போய் நிப்பீங்க. கன்ஃபார்மான்னு கேக்குமே, ஓகே குடுத்திருக்கீங்க."

"நேத்து சீட்டு இன்னிக்கி எப்டிம்மா செல்லும்?"

துர்காவுக்குக் கொடுத்திருந்த கேள்வி பதில் பட்டியலில் இந்தக் கேள்வி இல்லை.

"சரிம்மா. மொத நாள் வாங்கினத அப்டியே விட்டிருந்தா?"

மறுபடியும் தட்டும் சத்தம். "முந்தாநாள் பணம் வந்திருக்கும் சார். இருபத்தேழாம் தேதி."

"இப்ப?"

"இன்னிக்கி நீங்க ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்து. ஜனவரி ஆகும் சார். இதுக்கு மேல தொடாதீங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டியிருந்தது. துர்கா ஒரு வழி சொன்னாள். கடன்காரர்கள் கட்டுகிற தவணை மறுபடி கடனாகப் போகாமல் நிறுத்தினால், அது மட்டும் வரிசை இல்லாமல் உடனே கைக்கு வரும். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். வெங்கடாசலம் ஒவ்வொரு தடவையும், "இத அமுக்கினா நான் பின்னால போயிட மாட்டேனே?" என்று கேட்டுவிட்டு அழுத்தினார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெயம்மாள் செல்போனை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டாள். காலை ஆறு மணிக்கு அவருக்குக் கை பரபரத்தது. மாட்டுக் கொட்டகை மூலைவரை போய், சும்மா நின்றுவிட்டு வந்தார். சட்டை போட்டிருந்தார்.

சுகுமாரிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. திண்டிவனத்தில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். சுகுமார் சிரித்த சிரிப்பில் அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து என்ன ஏது என்று கேட்டாள். அவளுக்கும் சொன்னான்.

"கமிட்டியில மொத ஆளு எங்கண்ணன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே! தினம் காலையில எழுந்து நீயே உன் சீட்டக் கிழிச்சிக்கினு இருந்தியாணா?"

"சிரிச்சி முடிச்சிட்டியா? தை வரைக்கும் டைம் குடு."

"எப்டிணா? நான் வெக்கப்போற ஜெராக்ஸ் கடைக்கு அட்வான்ஸ் குடுக்கணும், எழுபதாயிரம். பதிமூணாந் தேதிய வெச்சித்தான் கடை ஓனருக்கு வாக்கு குடுத்துருக்கேன். அப்பால மார்கழி. எவன் பத்திரம் எழுத வருவான்?"

"சீனுவாசன் இப்பக் குடுப்பாரா?"

"அவரும் தையிலதான்றாரு. பத்திரம் பண்ணாம பைசா தரமாட்டாராம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஜெயம்மாள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நகை எல்லாம் பயிர்க் கடனுக்குச் சொசைட்டியில் இருந்தது. அதனால் காதில் கழுத்தில் கை வைத்துப் பார்க்கிற காட்சிக்கு அங்கே இடமில்லை.

"அவனுக்கு இப்ப வேண்டியது எழுபதாயிரமா?"

"ஆமா."

"மொத்தத்துக்குத்தான நம்மகிட்ட இல்ல? அவன் பாதியில பாதிய எழுதித் தரச் சொல்லு. முன்பணம் முப்பது, இப்ப எழுபது. கணக்கு சரியாப் போவுது."

"எழுபதுக்கு எங்க போறது?"

"தவணைப் பணம் அஞ்சாந் தேதி வருதுன்னியே. மீதிக்கு ஆட்ட வித்துடு."

ஏழு ஆடும் அவளுடையவை. சொல்லிவிட்டு அவள் முறத்தைத் திருப்பினாள்.

சுகுமார் யோசித்தான். கடை ஓனர் முகம் கண் முன்னால் வந்திருக்க வேண்டும், சம்மதித்தான். "ஆனா மீதிய தையில சீனுவாசனுக்குக் குடுத்துக்குவேன். அப்ப அண்ணன் பங்காளின்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டாரு," என்றாள் ஜெயம்மாள், வெங்கடாசலம் வாயைத் திறப்பதற்குள்.

ஐந்தாம் தேதி தவணை இருபத்தோராயிரத்துச் சொச்சம் வந்தது. ஆடு நாற்பத்தொன்பதாயிரத்துக்குப் போனது. டிசம்பர் பதிமூன்று வியாழக்கிழமை பத்திரம் பதிவானது. கிணற்றில் முக்கால் பாகம் வெங்கடாசலத்துக்கு, கால் பாகம் சுகுமாருக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சுகுமார் டீ வாங்கிக் கொடுத்தான்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் சீனுவாசன் காரில் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டார்.

"தண்ணி இருக்கு. முறை எப்படி?"

"நாலு நாளைக்கு ஒரு நாள் நம்முது," என்றான் சுகுமார்.

"மத்த மூணு நாள்?"

"அண்ணனுது."

சீனுவாசன் வெங்கடாசலத்தைப் பார்த்தார். வெங்கடாசலம் வரப்பில் நின்று மல்லாட்டைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் ஓட்டிட்டு மூணு நாள் லாரிய நிறுத்தி வெச்சா, டிரைவர் பேட்டாவ யாரு குடுக்கறது? பாதின்னா சொல்லு. கால் வேணாம்ப்பா."

கார் போய்விட்டது. சுகுமார் கிணற்று ஓரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அந்தக் கால் பாகத்தை வாங்கக்கூடிய ஆள் இனி உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் என்பது அவனுக்கு மெதுவாகப் புரிந்தது. எழுந்து வரப்புக்கு வந்தான்.

"ணா, பெங்களூருல எந்த நம்பர்ல கீற?"

"அறுநூத்தி இருபது."

"இன்னும் எத்தினி நாளு?"

"தெரியாது. நான் தொடறதில்ல."

அன்றிலிருந்து சுகுமார் தினம் காலையில் ஜெராக்ஸ் கடையைத் திறந்ததும் போன் போட்டான். ஜெயம்மாள் எடுத்து நம்பரைப் படிப்பாள். ஐநூற்று எண்பது. ஐநூற்று அறுபத்தைந்து. ஒரு நாள் நகரவே இல்லை என்றதும், "இன்னா அண்ணி, யாரும் பணம் போட வரமாட்றானுங்களா? பேஜாராப் போச்சி," என்று அலுத்துக்கொண்டான். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேரிடம் அந்த ஆப்பைப் பற்றி நல்லவிதமாக எடுத்துச் சொன்னதாகக் கேள்வி.

பிப்ரவரி ஐந்து, செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்குப் பாங்கு மெசேஜ் வந்தது. ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். வெங்கடாசலம் அதை மூன்று தடவை படித்தார். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஜெயம்மாளிடம் காட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுகுமாருக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டுது சுகு."

"அப்பாடா! நாளைக்கே பதிஞ்சிக்கலாமா அண்ணி?"

"நாளைக்கி ஆவாது. திங்கக்கெழம சந்தையில ஆடு வாங்கணும். அத முடிச்சிட்டு சொல்றேன்."

"அண்ணி, ஆடு எங்க போயிடப் போவுது? இத்தினி நாளு நின்னுட்டேன்..."

"அதான். இன்னும் ஒரு வாரம் நில்லு," என்றாள் ஜெயம்மாள்.